இன்னைக்கு ஏறுறீங்களா?

மே 5, திங்கள்

தென்காசி எலும்பு டாக்டர் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். "முழங்கால் வலி எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெனமும் குறிச்சுட்டு வாங்க" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். எக்ஸ்ரே என்ன கண்டது, முழங்கால் என்னுடையது. கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. அட்டையில் 'உங்கள் நலமே எங்கள் பலம்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அதிலேயே எழுதிவிடலாம்.

டாக்டருக்கு என் வேலை என்னவென்று தெரிய வேண்டும். நான் காற்றாலை டெக்னீஷியன். எங்கள் பக்கம் காத்தாடி என்போம். வெளியே பார்த்தால் வெறும் தூண்தான். உள்ளே அடியிலிருந்து உச்சி வரை இரும்பு ஏணி, நடுவில் மூன்று தளங்கள், உச்சியில் இயந்திரம் இருக்கிற அறை. அதற்கு நாசெல் என்று பெயர். தனியாக யாரும் ஏறக் கூடாது, இரண்டு பேராகத்தான் ஏற வேண்டும். முன்னால் போகிறவன் ஒரு தளத்தை அடைந்ததும், ஏறி வந்த துளையின் இரும்பு மூடியைச் சாத்திவிட்டு "மூடியாச்சு!" என்று கத்துவான். அதற்கப்புறம்தான் கீழே நிற்பவன் ஏணியில் கை வைக்கலாம். மேலிருந்து எது விழுந்தாலும் அந்த மூடி தாங்கிக்கொள்ளும். பதினான்கு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

வலி: காலையில் ஏணிக்கு முன்னால் போய் நின்றதும் வந்தது. கீழே ட்ரான்ஸ்ஃபார்மர் வேலை பார்த்தபோது இல்லை.

மே 6, செவ்வாய்

ஜெபசிங் வேலைக்குத் திரும்பிவிட்டான். என் ஜோடி. மாசி மாசம் எட்டாம் நம்பர் காத்தாடியில் அவன் கால் வழுக்கி விழுந்தான். இடுப்புப் பெல்ட்டை ஏணிக் கம்பியோடு சேர்க்கும் கொக்கியில் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. உடனே பிடிக்க வேண்டிய கொக்கி, வழுக்கிக்கொண்டே வந்து கடைசியில்தான் பிடித்தது. தளத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்ததோடு பிழைத்தான். கம்பெனி எல்லாக் கொக்கிகளையும் மாற்றியது. ஜோடி இல்லாததால் எனக்கு இதுவரை கீழ் வேலைதான். இன்று கேக் வெட்டினார்கள். விழுந்தவன் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு வேறொருவனோடு கிடுகிடுவென்று மேலே போய்விட்டான். எனக்கு அன்று ஒரு கீறல்கூட இல்லை.

வலி: ஏணி முன்னால். நல்ல வலி.

மே 9, வெள்ளி

ஜெபசிங் சொன்னான்: "ஏலே ஆவுட, ஒனக்கு முட்டு வலின்னா நீ கீழ நில்லு. மேல ஒரு ஆளு வேலதானே, நான் பாத்துக்கிடுதேன். வெளிய சொன்னா ஒன்னய ஸ்டோருக்கு மாத்திருவாவ."

அவன்தான் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தான். "ஜெபசிங், ஆவுடையப்பன், ரெண்டு பேரும் ஏறுதோம்." அப்புறம் அவன் மட்டும் ஏறினான். முட்டு சரியாகிற வரைக்கும்தானே. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்.

மே 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கிப் போனேன். வலி இல்லை. உலகம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த முட்டு வலி லீவு நாள்ல வராதோ?"

பெண்டாட்டிக்கு எதிலும் கேலிதான். விசித்திரமான வலி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மே 19, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து 'மகிழ்ச்சி வாரம்' வந்திறங்கியது. ஒரு பெட்டி நிறைய பலூன், எல்லோருக்கும் ஒரு மஞ்சள் பனியன், வீடியோவில் ஒரு மூச்சுப் பயிற்சி. காற்றை நம்பிக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு, காத்தாடிக்கடியில் பலூன் கட்டினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. கட்டி முடிப்பதற்குள் அத்தனையும் அறுத்துக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டன. செய்யது அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனும் எங்களைப் போல டெக்னீஷியன்தான், வயதில் இளையவன். "மகிழ்ச்சி போய்ட்டு அண்ணாச்சி, இனி வேலயப் பாப்போம்" என்றான்.

சித்திரையில் வந்த புது மேனேஜர் கனகமணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பொள்ளாச்சிக்காரர். பறந்துபோன பலூனைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குப் பதிலா ரெண்டு ஃபேன் குடுத்திருந்தா ரெஸ்ட் ரூம்ல போட்டிருக்கலாமுங்க" என்றார்.

மே 22, வியாழன்

ஜெபசிங் ஏறுகிற நாட்களில் காலையில் சாப்பிடுவதில்லை. அல்சர் என்கிறான். முன்பெல்லாம் ஏறும்போது தொண்டை கிழியப் பாட்டுப் பாடுவான், கோபுரம் முழுக்க எதிரொலிக்கும். இப்போது பாடுவதில்லை. காறை எலும்பு முறிந்தால் குரலும் போகுமா என்ன?

வலி: வழக்கம்போல.

மே 27, செவ்வாய்

டைரியைத் தொடவே மனசில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

எட்டாம் நம்பரில் வேலை. அக்கினி வெயில். இந்த வெயிலில் நாசெல் அடுப்பாகக் காயும். ஜெபசிங் வெறும் வயிற்றோடு ஏறினான். கண்ட்ரோல் ரூமுக்கு "ரெண்டு பேரும்" என்று சொல்லியாயிற்று. நான் கீழே கதவோரம் நிழலில் உட்கார்ந்து போல்ட்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாக்கி டாக்கியில் அவன் குரல் வந்தது. "ஏலே, தொட ரெண்டும் பிடிச்சுக்கிட்டு. கால மடக்க முடியல. தண்ணியும் தீந்துட்டு."

"உக்காரு, அசையாத. நான் வாறேன்" என்றேன். சொல்லிவிட்டேன். பெல்ட்டை மாட்டினேன். தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் கட்டினேன். முதல் தளம் வரை போனேன். அதற்கு மேலும் போனேன். இரண்டாம் தளத்து மூடி தலைக்கு மேலே தெரிந்தது. அதுவரைதான். கை ஏணியை விடவும் இல்லை, அடுத்த படிக்குப் போகவும் இல்லை. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மேலே அவன் "எங்க வந்துட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கீழே வந்ததும் போனை எடுத்தேன். கண்ட்ரோல் ரூம் கணக்குப்படி நானும் அவனோடு மேலே இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் இருவர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆனாலும் ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். மேடத்தையே நேராக அழைத்தேன்.

"மேடம், ஜெபசிங் எட்டாம் நம்பர்ல மேல மாட்டிக்கிட்டான். ஒத்தைல இருக்கான். நான் கீழ நிக்குதேன். என்னால ஏற முடியாது. மாசியிலேர்ந்தே நான் ஏறல."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "செய்யது பக்கத்து காத்தாடியிலதான் இருக்கறாரு, அனுப்பறேனுங்க. நீங்க வாக்கி டாக்கியில அவருகூட பேசிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. அவன் மகள் காதுகுத்து, பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய், வாய்க்கு வந்ததெல்லாம். செய்யதும் அவன் ஜோடியும் வந்து ஏறி, தண்ணீரும் உப்புக் கரைசலும் கொடுத்து, கயிறு கட்டி இறக்கினார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தரையில் கால் பட்டதும் ஜெபசிங் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "எதுக்குலே சொன்ன?"

மே 28, புதன்

ஜெபசிங் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறான். நல்லபடியாக இருக்கிறான். என்னோடு பேசவில்லை.

மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ராஜினாமா எழுதத் தயாராகப் போனேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியுமுங்க?"

"கூட வேல பாக்குறவங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாது." கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "இத்தன பேரு சேர்ந்து ஒருத்தர்கிட்ட மறைக்கறாங்கன்னா, அந்த ஒருத்தர்கிட்ட சொல்ல முடியலைன்னுதானுங்களே அர்த்தம்."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 30, வெள்ளி

தலைமை அலுவலகத்து வைஸ் பிரசிடென்ட் கம்ப்யூட்டரில் வந்தார். மேடம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட ஜெபசிங்கையும் என்னையும் அதே அறையில், கேமராவுக்கு எட்டாத மூலையில் உட்காரவைத்திருந்தார். "உங்களப் பத்தின பேச்சு, நீங்களும் கேக்கோணும்" என்றார்.

வைஸ் பிரசிடென்ட் சொன்னது சுருக்கமாக இதுதான்: பொய் சொன்ன இரண்டு பேரையும் உடனே அனுப்பு. காற்றுச் சீசன் தொடங்குகிறது, ஒரு காத்தாடிகூட நிற்கக் கூடாது.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "அனுப்பிடலாங்க சார். ஆனா அனுப்புனா மத்தவங்க உண்மையச் சொல்ல மாட்டாங்க. இன்னும் நல்லாப் பொய் சொல்லக் கத்துக்குவாங்க. அடுத்த தடவ எனக்கு போன் வராது, பொணம்தான் வரும். பயமா இருக்குதுன்னு சொல்றதுக்கு நாம இங்க எடமே வெக்கலைங்க. அந்த எடத்த நான் போடறேன். சீசன் முடியட்டும். உற்பத்தி கொறஞ்சா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

"செப்டம்பர் வரைக்கும்" என்றார் அவர். கம்ப்யூட்டர் அணைந்தது. மேடம் தண்ணீர் குடித்தபோது டம்ளர் ஆடியது. அதை நானும் பார்த்தேன், ஜெபசிங்கும் பார்த்தான்.

வெளியே வந்ததும் ஜெபசிங் என்னோடு பேசினான். "நம்மளால அந்தம்மா வேலையும் போவப் போவுதுலே." போக விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

புது ஏற்பாடு. காலைக் கூட்டத்தில் மேடம் ஒவ்வொருவராகக் கேட்பார்: "இன்னைக்கு ஏறுறீங்களா?" ஏறுகிறேன் அல்லது ஏறவில்லை, ஒரே வார்த்தை. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஏறாதவருக்குக் கீழே வேலை, சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. கண்ட்ரோல் ரூமுக்கு இனி இருவரும் தனித்தனியாகப் பேச வேண்டும், அவரவர் குரலில்.

இன்று எல்லோரும் "ஏறுதேன்" என்றார்கள். ஜெபசிங்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். என்னை மேடம் கேட்கவில்லை. எனக்குக் கீழ் வேலை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

செய்யதுக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. அப்படியும் "ஏறுதேன்" என்றான். மேடத்துக்குத் தெரிகிறது. ஆனால் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இப்படியே போனால் அந்தக் கேள்வியும் பலூன் மாதிரிதான்.

முதலில் ஒருவன் "ஏறல" என்று சொல்ல வேண்டும். எவன் சொல்வான்? ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவில் எவன் வாயைத் திறப்பான்?

ஜூன் 6, வெள்ளி

உலகம்மாளிடம் சொன்னேன். வலி எங்கேயோ, முழங்காலைச் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று. "தெரியும்" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். "எப்ப நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

ஜூன் 9, திங்கள்

கூட்டத்தில் மேடம் என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். "மேடம், என்னையும் கேளுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆவுடையப்பன் அண்ணா, இன்னைக்கு ஏறுறீங்களா?"

"ஏறல. பயமா இருக்கு."

ஒரே வார்த்தை போதும் என்பதுதான் சட்டம். நான் மூன்று சொல்லிவிட்டேன். காது ரெண்டும் சுட்டது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் "சரிங்க" என்று சொல்லி அடுத்தவரிடம் போனார். அடுத்தவன் செய்யது. "எனக்கும் இன்னைக்கு முடியல மேடம், காய்ச்சல் விடல" என்றான். அவன் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது.

பதினான்கு வருஷத்தில் நான் செய்த கடினமான வேலை இதுதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மேடம் திருநெல்வேலியிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்தார். விருப்பமுள்ளவர்கள் போகலாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முதல் ஆளாகப் போனேன்.

ஆலோசகர் என் முழங்கால் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜெபசிங் விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஜெபசிங் இரண்டாம் தளத்தில் மூடியைச் சாத்திவிட்டு "மூடியாச்சு" என்றான். நான் ஏறி, அந்த மூடிக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவன் மேலே போய்க்கொண்டிருந்தான், பாட்டுக் கேட்டது. பாட்டு நின்றது. என் தலைக்கு மேலே மூடியில் ஏதோ தொம்மென்று விழுந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை. மூடியைத் தள்ளினேன், திறக்கவில்லை. அவன் அதன் மேல்தான் கிடந்தான். உயிரோடு இருக்கிறானா, நான் தள்ளுவதால் இன்னும் ஏதாவது ஆகிறதா, ஒன்றும் தெரியாமல் அந்த இரும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முனகல் கேட்டது.

எக்ஸ்ரேயில் இது எப்படித் தெரியும்? அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஜூலை 2, புதன்

சாரல். காற்று தணிந்திருந்த காலைப் பொழுதில் செய்யதோடு முதல் தளம் வரை ஏறினேன். ஆலோசகர் சொன்னபடி அங்கேயே உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டு இறங்கினோம். செய்யது, "இந்தத் தளத்துல டீக்கட போட்டா நல்லா ஓடும் அண்ணாச்சி" என்றான்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாம் தளத்து மூடியைத் தொட்டேன். தள்ளினேன். திறந்தது. மேலே யாரும் இல்லை, சும்மா ஒரு தளம். அதில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினேன். ஏறியதற்காக இல்லை.

ஜூலை 24, வியாழன்

உற்பத்தி போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. முடியாதவன் கீழே நிற்பதால் மேலே போகிறவன் ஒழுங்காக வேலை செய்கிறான், ஒரே பழுதுக்கு இரண்டு தடவை ஏற வேண்டியிருப்பதில்லை. மேடம் பலூன் கட்டவில்லை, ரெஸ்ட் ரூமில் மட்டும் இரண்டு ஃபேன் வந்திருக்கிறது. இப்போது கூட்டத்தில் "ஏறல" என்ற வார்த்தை சாதாரணமாகிவிட்டது. எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டார்கள், ஜெபசிங்கைத் தவிர. அவன் அல்சர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தினமும் ஏறுகிறான். இரும்பு உடம்பு, இரும்பு மனசு. கொடுத்துவைத்தவன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாம் தளம். அதற்கு மேல் கால் வரவில்லை. நாசெல்லுக்கு இன்னும் ஒரே ஒரு ஏணிதான் பாக்கி. மேடம் "அவசரமே இல்லைங்க" என்கிறார். எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று நடந்ததை மறக்க முடியாது.

எட்டாம் நம்பரில் ஒரு சென்சார் போய்விட்டது. ஜெபசிங்கும் செய்யதும் ஏறுவதாக ஏற்பாடு. காற்று வலுப்பதற்குள் முடிக்க வேண்டும்.

"ஜெபசிங் அண்ணா, இன்னைக்கு ஏறுறீங்களா?"

எல்லோரும் அவன் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏறல" என்றான்.

குரல் அவனுடையது மாதிரியே இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. அல்சர், வெறும் வயிறு, நின்றுபோன பாட்டு. நான் என்ன மடையன். என் பயத்தையே கட்டிக்கொண்டு அழுததில், விழுந்தவனுக்குப் பயம் இருக்குமே என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நான் கீழே நின்றேன், அதனால் அவன் ஏறினான். எனக்காகத் தினமும் ஏறியிருக்கிறான்.

மேடம் "சரிங்க" என்றார். அடுத்தது என் பெயர்.

"ஆவுடையப்பன் அண்ணா?"

"ஏறுதேன்."

ஜெபசிங் தலையை நிமிர்த்தினான். "லே, ஒனக்கு வேண்டாம்..." என்று தொடங்கினான். கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்று மேடம் கையைக் காட்டினார்.

கண்ட்ரோல் ரூமுக்கு என் குரலில் நானே சொன்னேன். செய்யது முன்னால் போனான். முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம். அங்கே நின்றேன். முட்டு உதறியது. செய்யது கடைசி ஏணியில் போய், நாசெல் மூடியைச் சாத்திக் குரல் கொடுத்தான். திரும்பி இறங்கினால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஏற முடிந்தது என்று நினைக்கிறேன்.

நாசெல்லுக்குள் கால் வைத்ததும் பெல்ட்டை மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செய்யது முதுகைத் தட்டிக்கொடுத்தான். வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே கதவோரம், நான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடத்தில், ஜெபசிங்.

"ஏலே ஆவுட, மேல எப்பிடி இருக்கு?"

"பயமா இருக்குலே."



"எனக்கும் அப்பிடித்தாம்லே இருந்துச்சு" என்றான். "தெனமும்."

"இனி நீ கீழ இரி. நான் இருக்கேன்லா" என்றேன்.

அவன் அழுவது கேட்டது. வாக்கி டாக்கியை அணைக்கவில்லை, அணைக்கச் சொல்லவும் இல்லை. அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சென்சாரைக் கழற்றத் தொடங்கினேன்.